ஒருவரை மனநோயாளி என்று எதை வைத்துச் சொல்வது? (வளவு வீடு, பேரேடு, ஒரு கையெழுத்து)

#1 வளவுக்காரன், காரைக்குடி

எங்கள் வளவு வீட்டுக்குப் பதினோரு பங்கு. பத்துப் பங்குக்காரர்கள் விற்கச் சம்மதித்துவிட்டார்கள். நானும் அதில் ஒருவன். சம்மதிக்காத ஒருவர் என் சித்தப்பா. எழுபதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவ்வளவு பெரிய வீட்டில் இன்றைக்குக் குடியிருப்பவரும் அவர் ஒருவர்தான். வெளியூரில் இருக்கும் பங்காளி ஒருவர், "அவருக்குப் புத்தி பேதலித்து வெகு நாளாயிற்று. டாக்டரிடம் ஒரு சர்டிபிகேட் வாங்கிவிட்டால் கோர்ட்டில் கார்டியன் போட்டு வேலையை முடித்துவிடலாம்" என்று குடும்ப வாட்ஸாப்பில் எழுதியிருக்கிறார். மனுவில் என் கையெழுத்தும் வேண்டுமாம்.

சித்தப்பா என்ன செய்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தினமும் காலையில் குளித்து, திருநீறு பூசி, இரண்டாங்கட்டில் கைப்பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு பேரேடு எழுதுகிறார். பர்மாவில் எங்கள் ஐயா, அதாவது தாத்தா, நடத்திய கடையின் கணக்கு அது. 1964-ல் அந்த நாட்டு அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொண்டபோதே முடிந்துபோன கணக்கு. அசல், வட்டி, பற்று, வரவு எல்லாம் எழுதி வருடக் கடைசியில் ஐந்தொகையும் போடுகிறார். கூட்டிப் பார்த்திருக்கிறேன், ஒரு பைசா பிசகவில்லை. "பாக்கி நிற்கிறது, ஒருநாள் வரும்" என்பார். மற்றபடி திங்கள் சந்தைக்குப் போகிறார், கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிறார், கரண்ட் பில் கட்டுகிறார், கோயில் வரி கொடுக்கத் தவறியதில்லை. தூக்கம் குறைவு. சில நாட்கள் யாருடனும் பேசமாட்டார்.

என் கேள்வி இதுதான். அவர் நோயாளியா இல்லையா என்பதற்கு உண்மையிலேயே ஒரு விடை உண்டா? சர்க்கரை இருக்கிறதா என்றால் ரத்தம் எடுத்துப் பார்க்கலாம். இதற்கு எதை எடுத்துப் பார்ப்பது? அவர் விற்கச் சம்மதித்திருந்தால் அவர் பேரேட்டை யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். அதுதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

#2 திருப்பத்தூரான்

கையெழுத்துப் போடாதீர்கள் அண்ணே.

உங்கள் கேள்விக்கு என் பதில், விடை கிடையாது என்பதுதான். தாமஸ் சாஸ் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1961-லேயே இதை வெளிப்படையாக எழுதினார். நோய் என்றால் உடலில் எங்காவது ஒரு கோளாறு இருக்க வேண்டும், அதைக் காட்ட முடிய வேண்டும். மனநோய் என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை வாழ்க்கையில் வரும் சிக்கல்கள். அவற்றுக்கு நோய் என்று பெயர் வைத்ததும், அந்த மனிதரை அடைத்து வைக்கவும் அவர் சொத்தில் கை வைக்கவும் மற்றவர்களுக்கு உரிமை வந்துவிடுகிறது. உங்கள் வீட்டில் நடப்பது அச்சு அசலாக அதுவேதான்.

மூளையில் ரசாயனம் குறைகிறது என்று இத்தனை வருடம் சொன்னார்களே, அதை எந்த நோயாளிக்காவது பரிசோதனை செய்து காட்டினார்களா? மனச்சோர்வுக்கும் செரட்டோனின் குறைவுக்கும் உறுதியான தொடர்பு கிடைக்கவில்லை என்று 2022-ல் பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தவர்கள் எழுதினார்கள். ஆதாரமில்லாத ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு பெரியவரைக் கோர்ட்டுக்கு இழுப்பது அநியாயம்.

#3 கோட்டையூர் செவிலி

மனநலப் பிரிவில் நெடுநாள் வேலை பார்த்தவள் நான். கையெழுத்து வேண்டாம் என்பதில் திருப்பத்தூரார் கட்சிதான். ஆனால் அதற்கு அவர் சொல்லும் காரணத்தை ஏற்க முடியாது.

உடலில் கோளாறைக் காட்டினால்தான் நோய் என்றால், ஒற்றைத் தலைவலியை என்ன செய்வது? ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் தெரியாது. நோயாளி சொல்வதைக் கேட்டுத்தான் டாக்டர் முடிவு செய்கிறார். அதை யாரும் கற்பனை என்று சொல்வதில்லை. ரத்த அழுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 2017-ல் எல்லையை 140/90-லிருந்து 130/80-க்கு இறக்கினார்கள். முதல் நாள் நன்றாக இருந்த எத்தனையோ பேர் மறுநாள் நோயாளிப் பட்டியலில். உடல் நோயிலும் கோடு போடுவது மனிதர்தான்.

மருந்து விஷயத்தையும் சொல்கிறேன். ஆஸ்பிரின் 1899-லிருந்து விற்பனையில் இருக்கிறது. அது உடலில் எப்படி வேலை செய்கிறது என்பது 1971-ல்தான் தெரிந்தது. அதுவரை தலைவலி போகாமலா இருந்தது? செரட்டோனின் கதை தவறாகவே இருக்கட்டும். சாப்பிடாமல், எழுந்திருக்காமல், சுவரைப் பார்த்துக் கிடந்த ஒரு பெண் மூன்றாவது வாரத்தில் தானே எழுந்து தலை பின்னிக்கொண்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவளிடம், அப்படி ஒரு நோயே கிடையாது என்று சொன்னால் நான் எப்படி நம்புவது?

#4 பள்ளத்தூர் பெண்

மெய்யியல் முதுகலை படிக்கிறேன். இது எங்கள் வகுப்பில் ஒரு பருவம் முழுக்க ஓடிய விவாதம்.

சாஸுக்கு ஒரு பழைய நோயை வைத்துப் பதில் சொல்லலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பைத்தியக்கார விடுதிகளில் பெரிய அளவில் இருந்தவர்கள், நான்தான் சக்கரவர்த்தி, கோடீஸ்வரன் என்றெல்லாம் பேசி, கை கால் விழுந்து, சில வருடங்களில் இறந்துபோனவர்கள். அவர்கள் மூளையில் மேகநோய் (சிபிலிஸ்) கிருமி இருந்ததை நோகுச்சியும் மூரும் 1913-ல் காட்டினார்கள். அப்படியானால் 1912-ல் அவர்கள் நோயாளிகளா இல்லையா? 'அப்போதே அது மூளை நோய்தான், மனநோய் அல்ல' என்று சாஸ் சொல்வார். சரி, அப்போது அவர் கட்சி என்ன ஆகிறது? காரணம் தெரிந்த உடனே அது மனநோய்ப் பட்டியலிலிருந்து வெளியே போய்விடும், தெரியாதவரை அது நோயே இல்லை. எந்தக் கண்டுபிடிப்பு வந்தாலும் அவர்தான் ஜெயிப்பார். இப்படி எது வந்தாலும் தோற்க முடியாத வாதத்தில் எனக்குச் சந்தேகம் வரும்.

2007-ல் டால்மாவ் குழுவினர் கண்டறிந்த ஒரு மூளை அழற்சியும் இப்படித்தான். உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்குகிறது. திடீரென்று பிதற்றல், பயம், இல்லாததைப் பார்ப்பது. இவர்களில் பலர் முதலில் மனநல வார்டுக்குத்தான் போனார்கள். நேரத்தோடு கண்டுபிடித்தால் பெரும்பாலானவர்கள் தேறிவிடுகிறார்கள். 'வாழ்க்கைச் சிக்கல்' என்று விட்டிருந்தால் கதை என்ன ஆகியிருக்கும்?

#5 திருப்பத்தூரான்

நல்ல கேள்வி தங்கச்சி. ஆனால் நீங்கள் சொன்ன இரண்டிலும் கடைசியில் கிருமியோ அழற்சியோ கிடைத்தது. கிடைக்காமலே நோய் என்று சொல்லப்பட்டவற்றின் சரித்திரத்தையும் பாருங்கள்.

1851-ல் அமெரிக்காவின் தென்பகுதியில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், எஜமானிடமிருந்து தப்பி ஓடும் அடிமைகளுக்கு அந்த ஓட்டமே ஒரு மனநோய் என்று பெயர் வைத்து எழுதினார். வைத்தியமாகச் சாட்டையடியையும் சொன்னார். சோவியத் ரஷ்யாவில் அரசை எதிர்த்துப் பேசியவர்களுக்கு, 'மெல்ல வளரும் ஸ்கிசோஃப்ரினியா' (மனச்சிதைவு) என்று எழுதி ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள். ஓரினச் சேர்க்கை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் பட்டியலில் 1973 வரை நோய். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் 1990 வரை. அமெரிக்கச் சங்கம் அதை நீக்கியது சரியா என்று 1974-ல் உறுப்பினர்களிடம் ஓட்டெடுப்பே நடத்தினார்கள். ஓட்டுப் போட்டு எடுத்துவிடக்கூடிய ஒன்றை நோய் என்று எப்படி அழைப்பது?

இன்றைக்கு வீட்டை விற்க மறுப்பது. நாளைக்கு என்ன என்று யார் கண்டார்?

#6 பள்ளத்தூர் பெண்

நீங்கள் சொன்ன மூன்றும் நடந்தவை. நான் கேட்பது ஒன்றுதான். அவை தவறு என்று நாம் எதை வைத்துச் சொல்கிறோம்? மனநோய் என்ற ஒன்றே இல்லை என்றால் கார்ட்ரைட் எழுதியதும் செவிலி அக்கா பார்த்த பெண்ணின் நிலையும் ஒரே மாதிரிப் பொய் ஆகிவிடும். ஒன்று அக்கிரமம், இன்னொன்று அப்படியில்லை என்று நம் எல்லாருக்கும் தெரிகிறது. அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் பிடிக்க வேண்டும்.

ஜெரோம் வேக்ஃபீல்ட் 1992-ல் ஒரு வழி சொன்னார். நோய் என்று சொல்ல இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். மனத்தின் ஏதோ ஓர் இயக்கம் இயற்கையாகச் செய்ய வேண்டிய வேலையைச் செய்யத் தவறியிருக்க வேண்டும். அந்தத் தவறுதலால் அந்த மனிதருக்குத் தீங்கு இருக்க வேண்டும். ஓடிய அடிமையிடம் எந்த இயக்கமும் தவறவில்லை. சுதந்திரம் தேடியது சரியான மனம். அவருக்குத் தீங்கு செய்தது சாட்டை. அதனால் கார்ட்ரைட் அன்றைக்கே தவறு, நூறு டாக்டர்கள் ஓட்டுப் போட்டிருந்தாலும் தவறு. 1973 முடிவு நோயை ஒழிக்கவில்லை. பட்டியலில் இருக்கவே கூடாத ஒன்றை எடுத்தது.

இந்த வழியிலும் எனக்குக் குறை தெரிகிறது. மனத்தின் ஒவ்வோர் இயக்கத்துக்கும் இயற்கை எந்த வேலையைக் கொடுத்தது என்று யார் கண்டது? துக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வேலை என்ன, எவ்வளவு நாள்? 2013-க்கு முன் அமெரிக்கச் சங்கத்தின் மனநோய்க் கையேட்டில், நெருங்கியவரை இழந்தவருக்கு முதல் இரண்டு மாதம் மனச்சோர்வு நோய் என்று பொதுவாக எழுதக் கூடாது என விதிவிலக்கு இருந்தது. 2013-ல் அதை எடுத்துவிட்டார்கள். 2022-ல் நீடித்த துக்கம் என்று ஒரு நோயைப் புதிதாகச் சேர்த்தார்கள். பெரியவர்களுக்கு ஒரு வருடம் கழிந்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் ஆறு மாதம் போதும் என்கிறது. நம் பக்கம் தலைத்திவசம் வரைக்கும் வீட்டில் தீபாவளி கிடையாது, நல்ல காரியம் கிடையாது. அழுவதற்கும் ஒதுங்குவதற்கும் ஊரே இடம் விட்டுக் கொடுக்கும். அந்த வழக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று கையேடே சொல்கிறது. அப்படியானால் கோடு எங்கே விழும் என்பதில் இயற்கைக்கு ஒரு பங்கு, நமக்கு ஒரு பங்கு என்றுதானே ஆகிறது?

#7 ராங்கியம் ஆச்சி

படிக்கப் படிக்க மனசு கனக்கிறது. எனக்கு ஒரு சந்தேகம். முளைப்பாரித் திருவிழாவில் சாமி வந்து ஆடும் அம்மாவுக்கு அம்மன் குரல் கேட்கிறது. ஊரே விழுந்து கும்பிடுகிறது. அதே குரல் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வீட்டில் தனியாக இருக்கும்போது கேட்டால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறோம். குரல் ஒன்றுதானே? எத்தனை பேர் நம்புகிறார்கள் என்பதை வைத்தா நோயைச் சொல்வது?

#8 கோட்டையூர் செவிலி

ஆச்சி, இந்தக் கேள்வி எங்கள் வேலையின் நடுமையத்தில் இருப்பது. தலை எண்ணி முடிவு செய்வதில்லை. நாங்கள் பார்ப்பது, அந்தக் குரல் வந்தபின் அவர் வாழ்க்கை என்ன ஆகிறது என்பதை. சாமியாடும் அம்மாவுக்குக் குரல் வரும் நேரம் உண்டு, போகும் நேரம் உண்டு. மறுநாள் இட்லிக் கடையைத் திறந்துவிடுவார். கேட்டால், நேற்று அம்மன் வந்தாள் என்று அமைதியாகச் சொல்வார். தனியாகக் கேட்பவருக்குப் பல சமயம் அது நிற்பதே இல்லை. தூங்க விடாது, சாப்பிட விடாது, 'நீ எதற்கு உயிரோடு இருக்கிறாய்' என்று கேட்கும். அவரே காதைப் பொத்திக்கொண்டு நிறுத்தச் சொல்லி அழுவார். அந்த அழுகையைக் கேட்டபின் நமக்குப் பெயர் முக்கியமாகத் தெரியாது.

ஆனால் ஊருக்கும் அதில் பங்கு உண்டு. தான்யா லுர்மன் என்ற மானிடவியலாளர், குரல் கேட்கும் நோயாளிகள் அறுபது பேரிடம், அமெரிக்காவில் 20, கானா நாட்டில் 20, நம் சென்னையில் 20 என்று பேசிப் பார்த்தார். அமெரிக்கர்களுக்குப் பெரும்பாலும் கொடூரமான குரல்கள். சென்னையில் பலருக்குக் கேட்டது சொந்தக்காரர் குரல்கள். வேலையைச் செய், வீட்டைப் பார் என்று அதட்டுவது, புத்தி சொல்வது. இரு இடத்திலும் நோய் ஒன்றுதான், அது பேசும் பேச்சு வேறு.

கோயில் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 நோயாளிகளைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை மருத்துவர்கள் கவனித்து 2002-ல் எழுதினார்கள். பெரும்பாலானவர்கள் ஸ்கிசோஃப்ரினியா போன்ற கடும் நோய் உள்ளவர்கள். மருந்து இல்லாமல், தனிச் சடங்கு எதுவும் இல்லாமல், சில வாரங்களில் நோய்க்குறிகளில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அங்கே அவர்களுக்குக் கிடைத்தவை தங்க ஓர் இடம், கோயிலில் சின்னச் சின்ன வேலைகள், பயமுறுத்தாத மனிதர்கள்.

அதையே சாக்காக வைத்து எல்லாரையும் கோயிலில், தர்காவில் விடலாம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது 28 பேர் செத்தார்கள். காலில் சங்கிலி. ஓட முடியவில்லை. நம் மாவட்டத்துக்கு அடுத்த மாவட்டம்தான். அந்தச் செய்தி வந்த அன்று வார்டில் யாரும் யாரோடும் பேசவில்லை.

#9 இருதுருவம்

ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் செய்பவன். இந்த இழையில் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

எனக்கு இருதுருவ நோய் (பைபோலார்). சில காலம் கட்டுமீறிய உற்சாகம், சில காலம் கடும் சோர்வு. நீங்கள் எல்லாரும் 'அவர்கள்' என்று பேசிக்கொண்டிருப்பதில் நானும் இருக்கிறேன்.

திருப்பத்தூரண்ணே, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் நோயே கிடையாது என்று நீங்கள் சொல்லும்போது எனக்குக் கேட்பது, 'அப்படியானால் நீ செய்ததெல்லாம் நீயாகச் செய்தது' என்பதுதான். தூக்கமே இல்லாத ஒரு வாரத்தில் இருந்த பணத்தையெல்லாம் எடுத்து, தெரியாத ஊரில், தெரியாத மனிதரிடம், ஆரம்பிக்கவே போகாத தொழிலுக்கு முன்பணம் கொடுத்தேன். அந்த வாரம் என் வாழ்க்கையிலேயே மிகத் தெளிவாக இருந்ததாக நினைத்தேன். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. இப்போது லித்தியம் சாப்பிடுகிறேன். ரத்தம் எடுத்து அளவு பார்த்துக்கொள்கிறேன். 1949-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் இந்த உப்பு வேலை செய்வதைக் காட்டாமல் இருந்திருந்தால் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

செவிலி அக்கா, உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். நோய் என்ற பெயர் என்னைப் பழியிலிருந்து காப்பாற்றியது. அதே பெயர் என் வாயையும் அடைத்தது. அதற்குப் பிறகு வீட்டில் நான் கோபப்பட்டால் 'மாத்திரை போட்டாயா' என்பார்கள். நான் சந்தோஷப்பட்டாலும் அதே கேள்வி. நிலத் தகராறில் என் பக்கம் நியாயம் இருந்தது. நான் பேசியது யார் காதிலும் ஏறவில்லை. என் வாயிலிருந்து வரும் எல்லாமே நோய்க்குறி ஆகிவிட்டது. நோய் எனக்கு வருடத்தில் சில வாரங்கள்தான். பெயர் முந்நூற்று அறுபத்தைந்து நாளும்.

வளவுக்காரரே, உங்கள் சித்தப்பா நோயாளியா என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை இருக்கலாம். 'வீட்டை விற்க மாட்டேன்' என்று அவர் சொல்வது நோய் பேசுவதா, அவர் பேசுவதா என்பது தனிக் கேள்வி. முதல் கேள்விக்கு ஆம் என்று வந்தாலும் இரண்டாவதற்கு விடை வந்துவிடாது. தயவுசெய்து இரண்டையும் சேர்த்துக் கட்டாதீர்கள்.

#10 ராங்கியம் ஆச்சி

தம்பி, நல்லா இருங்க. நீங்க எழுதினது நல்லது.

#11 தேவகோட்டை வக்கீல்

இருதுருவம் சொன்னதைச் சட்டமும் சொல்கிறது. சட்டத்தில் இவ்வளவு தெளிவாக இருப்பது பலருக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. 3-வது பிரிவில், ஒருவர் தன் சமூகத்தின் ஒழுக்கம், வழக்கம், வேலை, அரசியல், மத நம்பிக்கை ஆகியவற்றோடு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் என்று முடிவு செய்யக் கூடாது என்று இருக்கிறது. திருப்பத்தூரார் சொன்ன பழைய அக்கிரமங்களுக்கெல்லாம் அங்கே கதவைச் சாத்தியிருக்கிறார்கள். அதே பிரிவின் கடைசியில் இன்னொன்று. ஒருவருக்கு மனநோய் இருப்பதாகத் தீர்மானித்தாலும், அதை மட்டும் வைத்து அவரைச் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ளக் கூடாது. அதற்குத் தகுதியுள்ள நீதிமன்றம் அறிவிக்க வேண்டும். 4-வது பிரிவு, சிகிச்சை விஷயத்தில் ஒருவர் எடுக்கும் முடிவு மற்றவர்களுக்குத் தவறாகப் படுகிறது என்பதால் மட்டும் அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று ஆகாது என்கிறது.

இந்தப் பார்வை புதிதல்ல. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 12-வது பிரிவிலேயே, பெரும்பாலும் சுவாதீனம் இல்லாமல் இருப்பவரும் தெளிவாக இருக்கும் நேரத்தில் ஒப்பந்தம் செய்யலாம் என்று இருக்கிறது. விவாகரத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 1988-ல் சொன்னதும் இதுவேதான்: ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயர் மட்டும் போதாது, எந்த அளவுக்கு இருக்கிறது, சேர்ந்து வாழ முடியாத அளவுக்கா என்று பார்க்க வேண்டும்.

இப்போது உங்கள் பங்காளியின் யோசனை. சிவில் நடைமுறைச் சட்டத்தில் 32-வது கட்டளை, 15-வது விதி என்று ஒன்று உண்டு. மனக் குறைபாட்டால் தன் நலனைத் தானே காத்துக்கொள்ள முடியாதவர் என்று நீதிமன்றம் விசாரித்து முடிவு செய்தால் வழக்கில் அவருக்குக் காப்பாளர் போடலாம். சர்டிபிகேட்டை நீட்டியதும் நடப்பதில்லை, நீதிபதி விசாரிக்க வேண்டும். எதிர்த்தரப்பு மறுத்தால் 2017 சட்டத்தின் 105-வது பிரிவு விஷயத்தை மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அனுப்பச் சொல்கிறது. அந்த விதி இருப்பதே பலவீனமானவரைக் காப்பாற்றுவதற்கு. அவருக்கு எதிராக நிற்கிறவர்களே அவருக்குக் காப்பாளரைத் தேடுவது விதியின் நோக்கத்தையே தலைகீழாக்குவது.

விற்க வேண்டும் என்றால் நேர்வழி இருக்கிறது. பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். வளவு வீட்டைத் துண்டு போட்டால் யாருக்கும் பயன்படாது என்ற நிலையில், 1893-ம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டப்படி பாதிப் பங்குக்குக் குறையாமல் வைத்திருப்பவர்கள் கேட்டால் நீதிமன்றம் விற்க உத்தரவிடலாம். வாங்கிக்கொள்கிறேன் என்று மற்றவரும் முன்வரலாம். அதில் யாருக்கும் பைத்தியப் பட்டம் கட்டத் தேவையில்லை. நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

#12 திருப்பத்தூரான்

இருதுருவம் தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன். நோய் இல்லை என்று சொன்னால் பழி அவர் தலையில் விழும் என்ற பக்கம் எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. சாஸ் சொன்னதில் எனக்குப் பிடித்தது எல்லாம் அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது. அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெயர் வைத்தவன் கையில் அதிகாரம் போய்ச் சேருவதைத் தடுக்க வேண்டும். முதல் கேள்வியை மருத்துவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

#13 வளவுக்காரன்

எல்லாருக்கும் நன்றி. நேற்றுச் சாயங்காலம் சித்தப்பாவோடு உட்கார்ந்தேன். பேரேட்டை நானே கேட்டு வாங்கிப் பார்த்தேன். தைத்த நீள நோட்டு, சிவப்புத் துணி அட்டை. பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி, சிவமயம். அதன் கீழே பற்று இடப்பக்கம், வரவு வலப்பக்கம். வரவுப் பக்கத்தில் தேதி மட்டும் இருக்கிறது, தொகை எழுதும் இடம் எல்லாப் பக்கத்திலும் காலி. இவ்வளவு நாள் நான் பற்றுப் பக்கத்தைக் கூட்டிப் பார்த்தேனே தவிர வரவுப் பக்கத்தைக் கவனித்ததில்லை.

"இது வரும் என்று நம்புகிறீர்களா?" என்று கேட்டேன். "வராது என்று எனக்குத் தெரியாதாடா? எழுதாமல் விட்டால் அவன் கொடுக்க வேண்டியதே இல்லை என்று ஆகிப்போகும். அப்பச்சி அதைப் பார்த்துக்கொண்டே செத்தார்" என்றார். அப்பச்சி என்றது அவருடைய அப்பாவை, கடை நடத்திய எங்கள் ஐயாவை. கேட்டதும் எனக்கு நெஞ்சு லேசானது. இது நோயே இல்லை, நடந்த அநியாயத்தை மறக்க மறுக்கும் ஒரு மனிதர் என்று நினைத்தேன். நான் எழுந்திருக்கும்போது, "தபால்காரரைப் பார்த்தால் ரங்கூன் கடுதாசி வந்ததா என்று கேள்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தேன்.

இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறவரை நான் எப்படிப் புரிந்துகொள்வது?

#14 பள்ளத்தூர் பெண்

இது மருத்துவத்துக்கும் பழக்கமானதுதான். ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயரை 1908-ல் கொண்டுவந்த ஸ்விட்சர்லாந்து மருத்துவர் ப்ளாய்லர், தன்னை ராஜா என்று சொல்லும் நோயாளி முணுமுணுக்காமல் வார்டு வேலையும் பார்ப்பதை எழுதியிருக்கிறார். இரட்டைக் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்றார். இரண்டு உலகமும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும், ஒன்றை வைத்து மற்றதை அவர்கள் திருத்துவதில்லை.

உங்கள் சித்தப்பாவுக்கு அந்த நோய் என்று சொல்லவில்லை. சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. 'இதை நம்புகிறாரா இல்லையா' என்ற கேள்விக்கு எப்போதும் ஒற்றை விடை இருக்கும் என்று நாம் எதிர்பார்ப்பதே தவறோ என்று தோன்றுகிறது. செத்துப்போனவருக்குப் படைப்பில் சாப்பாடு போட்டு, 'ஐயா சாப்பிடட்டும், கதவைச் சாத்து' என்று வெளியே நிற்கிறோம். ஐயா வந்து சாப்பிடுகிறார் என்று நம்புகிறோமா? ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றால் ஆத்தாவுக்குக் கோபம் வரும். அந்த நம்பிக்கைக்கும் ரங்கூன் கடுதாசிக்கும் நடுவே எத்தனையோ படிகள் உண்டு. சித்தப்பா எந்தப் படியில் இருக்கிறார் என்பதை ஒரு சாயங்காலத்தில் யாராலும் சொல்ல முடியாது. ஒரு சர்டிபிகேட்டாலும் முடியாது.

#15 கோட்டையூர் செவிலி

நான் பேரேட்டை விட்டுவிடுவேன். தூக்கம் எப்படி, இந்த வருடம் மெலிந்திருக்கிறாரா, பேசாத நாட்கள் கூடியிருக்கின்றனவா, ஞாபக மறதி உண்டா என்று கேட்பேன். கடுதாசி விஷயம் புதிதா பழையதா என்பது முக்கியம். இந்த வயதில் புதிதாக வந்தால் தைராய்டு, பி12, மறதி நோய் என்று உடலையும் பார்க்க வேண்டும். பழையது, அவருக்கு அதனால் கஷ்டம் எதுவும் இல்லை என்றால் யாரும் அதைக் கலைக்கத் தேவையில்லை. தூக்கத்துக்கு மட்டும் டாக்டரைப் பார்க்கலாம் என்றால் வருவாரா?

#16 இருதுருவம்

அவரிடமே கேளுங்கள், தூக்கம் வராதது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறதா என்று. பங்காளிகள் அனுப்பியதாக நினைக்கவிடாதீர்கள். வீட்டு விஷயம் முடியும்வரை அந்த வாட்ஸாப் ஆட்கள் யாரும் கூட வர வேண்டாம்.

#17 வளவுக்காரன்

கேட்டேன். "மூணு மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது, அதற்கப்புறம் நேரம் போகமாட்டேன் என்கிறது" என்றார். டாக்டரிடம் வர ஒப்புக்கொண்டார். வீட்டைப் பற்றி அங்கே பேசக் கூடாது என்று ஒரு நிபந்தனை வைத்தார், சரி என்றேன்.

குடும்பக் குழுவில் கையெழுத்துப் போட முடியாது என்று எழுதிவிட்டேன். விற்பதில் எனக்கு இன்னும் சம்மதம்தான், வழக்கு என்றால் பாகப்பிரிவினை வழக்காகப் போடுங்கள், அதில் அவர் தன் வாயால் பதில் சொல்லட்டும் என்றும் எழுதினேன். இரண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள். வக்கீலய்யா, எனக்கு அனுப்பிய மனு நகல் கையில் இருக்கிறது. அதில் 'பல வருடங்களாகச் சித்தம் கலங்கியவர்' என்று நான் சொன்னதாக ஒரு வரி ஏற்கெனவே சேர்த்திருக்கிறார்கள். நான் அப்படிச் சொன்னதே இல்லை.

#18 தேவகோட்டை வக்கீல்

அந்த வரியை அப்படியே விடாதீர்கள். நீங்கள் அப்படிச் சொல்லவில்லை என்று தேதி போட்டு எழுத்தில் மறுத்து, ஸ்பீடு போஸ்டில் பதிவு செய்து அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். மனு நகலைப் பெயர்களை மறைத்துத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். திங்கட்கிழமைக்குள் பார்த்துச் சொல்கிறேன்.